அவள் பெயரில் எழுதிய வியாதி

வாயில் வந்த புண் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். எனக்கு வலிக்கவில்லை, அதனால்தான் நான்கு மாதம் விட்டுவிட்டேன். இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனால் பாதியைத்தான் சொன்னவனாவேன். மீதிப் பாதி எங்கள் கம்பெனியில் பலருக்குத் தெரியும். அவர்களும் அதைச் செய்தவர்கள்தான்.

எனக்குச் சொந்த ஊர் எழுமலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இருபத்தாறு வருஷமாக ஒத்தக்கடையைத் தாண்டி உள்ள ஒரு ரப்பர் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். சூட்டில் நின்று செய்கிற வேலை. அசதி தெரியாமல் இருக்க இடது கன்னத்தில் புகையிலை அடக்கிக்கொள்வேன். வீட்டில் ஒச்சம்மாளுக்கு, அதாவது என் மனைவிக்கு, அது பிடிக்காது. ஷிப்டு முடிந்து வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் சட்டையைத் துவைப்பவள் அவள்.

நாக்கின் இடது ஓரத்தில் புண் வந்தது. கடைவாய்ப் பல் கூராக இருப்பதால் உரசுகிறது என்று நானே முடிவு செய்தேன். நான்கு மாதம் கழித்துத்தான் பல் டாக்டரிடம் போனேன். அவர் அந்தப் பல்லை ராவி விட்டார். பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார். போனேன். கையுறை போட்ட விரலால் புண்ணைத் தொட்டுப் பார்த்தவர், ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். பிறகு பில் போடுகிற பெண்ணிடம், "இன்னைக்கு இவருக்குப் பணம் வாங்காதம்மா" என்றார்.

அவர் அனுப்பிய பெரிய ஆஸ்பத்திரியில் பயாப்சி எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுத்து, கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். அதன் முடிவுக்காகக் காத்திருக்கும் ஐந்து நாள்தான் பெரிய பாடு. ஆறாம் நாள் நானும் ஒச்சம்மாளும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். இரும்பு நாற்காலிகள், தலைக்கு மேல் டோக்கன் நம்பர். எல்லோரும் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் அம்மா சின்ன வயசு. சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"நாக்குல கேன்சர்ங்கய்யா. ஆரம்பத்துக்குக் கொஞ்சம் தாண்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம். அப்புறம் கரண்டு வைக்கணும், அதான் ரேடியேஷன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பி ஒச்சம்மாளைப் பார்த்தேன். புருஷனுக்கு வியாதி என்றால் மனைவியைப் பார்ப்பது இயற்கைதானே என்று டாக்டர் நினைத்திருப்பார். நான் பார்த்த காரணம் வேறு. அந்த வார்த்தையை அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முறை பார்த்தவன் நான்.

அதைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் சம்பள ஒப்பந்தம் முடிந்து அரியர் பணம் மொத்தமாக வந்தது. அதுவரை வருமான வரி என்றால் கடைக்காரர்கள் கட்டுவது என்று நினைத்திருந்த எங்களுக்கு, முதல்முறையாகச் சம்பளத்தில் வரி பிடித்தார்கள். கம்பெனி வாசலுக்கு எதிர் டீக்கடைக்கு பாலு வந்து சேர்ந்தான். பிடித்த வரியைத் திரும்ப வாங்கித் தருவான். கமிஷன் உண்டு. எல்லோரும் அவனை ரீபண்டு பாலு என்று கூப்பிட்டோம்.

செய்கிற முறை எளிது. மருத்துவச் செலவுக்கு வரியில் கழிவு உண்டு. கேன்சர், சிறுநீரகம் போன்ற பெரிய வியாதிகளுக்குச் செலவு செய்தால், ஒரு வரம்பு வரைக்கும் அந்தத் தொகையை வருமானத்தில் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரி. செலவு தனக்காகவும் இருக்கலாம், தன்னைச் சார்ந்து வாழ்பவருக்காகவும் இருக்கலாம். நல்ல சட்டம்தான். பாலு அதில் வியாதியை மட்டும் தானாகச் சேர்த்தான். ஆளுக்கு ஒன்று. டீக்கடையில் அது வேடிக்கையாகப் போனது.

"ஒனக்கு என்ன மாப்ள போட்டான்?" என்று கேட்டார் என் பக்கத்துப் பிரஸ் இருளப்பன்.

"இன்னும் போடலண்ணே."

"எனக்குக் கிட்னி. ரெண்டும் போச்சாம்." சொல்லிவிட்டு இரண்டு பஜ்ஜியைச் சேர்த்து வாயில் போட்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாலு என் பக்கம் திரும்பினான். "அண்ணே, வீட்ல யாருக்காச்சும் பெரிய வியாதி இருக்கா?"

"இல்லப்பா."

"இல்லேன்னா எப்படிண்ணே? இருந்தாத்தான பணம் வரும்."

அவன் நோட்டில் பேனாவால் எழுதினான். ஒச்சம்மாள், கேன்சர். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கைத் திறக்க என் போனில் வந்த ஆறு இலக்க நம்பரைப் படித்துச் சொன்னேன். ஒரு மாதத்தில் பணம் வந்தது. அடுத்த வருஷமும் அதே வியாதி, அதே பணம். அந்தப் பணத்தில் அவளுக்கு ஒரு ஜோடி கம்மல் எடுத்தேன். போனஸ் என்று சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்கு எடுத்துக்கொடுத்த முதல் நகை அது. தெருவில் எல்லோரிடமும் காட்டினாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் என் பற்களைப் பிடுங்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வைக்கிற கரண்டு தாடை எலும்பைப் பலவீனப்படுத்திவிடும். அப்போது சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் காயம் ஆறாது. அதனால் கெட்டதையெல்லாம் முதலிலேயே எடுத்துவிடுவார்கள். எனக்கு ஏழு பல் போனது. கம்பெனி இன்சூரன்ஸ் ஆபரேஷனுக்குக் கொடுக்கும், பல்லுக்குக் கொடுக்காது. ஒச்சம்மாள் அந்தப் பில்லை மட்டும் தனியாக மடித்து மஞ்சள்பையில் வைத்தாள்.

ஆபரேஷன் எட்டு மணி நேரம். நாக்கின் இடது பக்கத்தை எடுத்துவிட்டு, கையிலிருந்து சதை எடுத்து ஒட்டினார்கள். கழுத்தில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், தொண்டையில் ஒரு துளை. பேச முடியாது. துளை சில நாளில் மூடிவிடும், குழாய் சில மாதம் இருக்கும், அதன் வழியாகத்தான் சாப்பாடு. மற்றவர்களுக்கு இதெல்லாம் பயமாக இருக்கும். எனக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. இனி யாரும் என்னிடம் எதையும் கேட்க முடியாது.

ஒச்சம்மாள் கஞ்சியை வடிகட்டி, ஆறவைத்து, ஊசிக்குழாயில் ஏற்றி மெதுவாக விடுவாள். வேகமாக விட்டால் வாந்தி வரும் என்று நர்ஸ் சொன்னதால் ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம். கல்லூரியில் படிக்கும் மகள் கார்த்திகா சாயங்காலம் பஸ்ஸில் வந்து என் நகத்தை வெட்டி விட்டாள். அவர்கள் இருவரும் இப்படிப் பார்த்துக்கொள்ளப் பார்த்துக்கொள்ள, எனக்குப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்ளத் தோன்றியது. வலிக்கிறது என்று நினைத்து நர்ஸைக் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் இருளப்பன் அண்ணன் ஆப்பிளோடு வந்தார். என்னால் ஆப்பிள் சாப்பிட முடியாது என்பது அவருக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒச்சம்மாள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், என் காதருகே குனிந்தார்.

"மாப்ள, பொய்யா எழுதுனா நெசமாவே வந்துருமோ? எனக்கு நாலு நாளா முதுகு வலிக்குது. கிட்னி டெஸ்ட் எடுத்துட்டேன். ஒண்ணுமில்லேன்னாங்க. வேற எடத்துல இன்னொருக்கா எடுக்கவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கழுத்துத் தையல் இழுத்தது. ஆனால் அவர் போன பிறகு அதே நினைப்புதான் எனக்கும். வியாதிக்கு எழுத்து தெரியாது, புகையிலைதான் தெரியும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தெரியும். இருந்தாலும் அவள் பெயரில் எழுதியது வீடு தவறி என்னிடம் வந்துவிட்டது போலவே இருந்தது. அப்படி நினைத்தபோது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அவளுக்கு வரவில்லையே.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாள் என் போனை வைத்திருந்த ஒச்சம்மாள் என்னிடம் ஓடிவந்தாள். அவள் பத்தாவது வரை படித்தவள்.

"ஏங்க, இன்கம்டாக்ஸ்ல இருந்து மெசேஜ் வந்துருக்கு. நீங்க காட்டுன கழிவ ஒருக்காச் சரிபாருங்கன்னு போட்ருக்கு. பக்கத்துக் கட்டில்காரரு சொல்றாரு, கேன்சருக்குச் செலவழிச்சா வரியில கழிப்பாங்களாம். பல்லுப் பில்லையும் காட்டுவோமே."

நான் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினேன். வேண்டாம், வேண்டாம்.

"இதுக்கும் வெக்கமா? ஆபீசுன்னா ஒங்களுக்குக் காலு நடுங்கும். நீங்க சும்மா ஒக்காந்திருங்க. நான் பேசிக்கிறேன்."

அவளுக்கு என் கூச்சம் தெரியும். அதற்குப் பின்னால் நான் ஒளிந்திருப்பது தெரியாது. பேச்சுக்குப் பதிலாக வைத்திருந்த நோட்டில் எழுதிச் சொல்லியிருக்கலாம். கட்டிலில் படுத்தபடி கைக்கு எட்டும் தூரத்தில் நோட்டு இருந்தது. எழுதவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய இரண்டாம் வாரம் ஆடிட்டரிடம் போனோம். டவுனில் மஹால் அரண்மனைப் பக்கம் ஒரு சந்தில் மாடி அறை. வயதான மனிதர், கம்பெனியில் சிலருக்குத் தெரிந்தவர். போனில் யாரிடமோ அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேசி முடித்துவிட்டு, எங்களை உட்காரச் சொன்னார். என் மூக்குக் குழாயைப் பார்த்ததும் மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

ஒச்சம்மாள் மஞ்சள்பையைக் கவிழ்த்தாள். அவர் ஒவ்வொரு பில்லாகப் பிரித்தார்.

"இன்சூரன்ஸ் கொடுத்த பணத்தக் காட்டக் கூடாதும்மா. உங்க கையில இருந்து போனது மட்டும்தான். கேன்சர் டாக்டர் பேரும் பதிவு நம்பரும் போட்ட சீட்டு வேணும். அப்புறம் வரி கட்டுறதுல பழைய முறை, புதிய முறைன்னு ரெண்டு இருக்கு. பழைய முறையில இருந்தாத்தான் இந்தக் கழிவு."

"பல்லு சார்? ஏழு பல்லு."

"சாதாரணமா பல்லுக்குக் கழிவு கெடையாது. பல்லு கட்டுனது, வேர் வைத்தியம், எதுக்கும் இல்ல. ஆனா இது இந்த வியாதிக்காகத்தான் புடுங்குனதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா சேர்த்துக் கேக்கலாம். இன்னொண்ணு, செலவு பண்ண பணம் அப்படியே திரும்பி வந்துராது. அம்புட்டுப் பணத்துக்கு வரி கெடையாது, அவ்வளவுதான்."

"அது போதும் சார்" என்றாள்.

அவர் என் பழைய கணக்கைக் கம்ப்யூட்டரில் திறந்தார். நான் போனில் வந்த நம்பரைக் காட்டினேன். முன்பு பாலுவுக்குச் சொன்னது போலவே. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா கேன்சருக்குன்னு கழிவு எடுத்திருக்கே. யாருக்கு?"

"இவுகளுக்குத்தான் சார். இப்பத்தான் வந்துச்சு."

"இவருக்கு இல்லம்மா. இவரைச் சார்ந்தவங்களுக்குன்னு இருக்கு. இப்ப அவங்க எப்படி இருக்காங்க?"

ஒச்சம்மாள் சிரித்தாள். "தப்பா ஏறியிருக்கும் சார். எங்க மாமனாரு மாமியாரு போய் எத்தனையோ வருஷமாச்சு. வீட்ல இருக்கது எங்க மக ஒருத்தி…"

அங்கே அவள் நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

"எம்மகளுக்கா எழுதுனீக?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் மூச்சுவிட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆள்காட்டி விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆடிட்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவருக்கு இது முதல்முறை இல்லை என்று தோன்றியது. திரும்பி வந்து மேசையைப் பார்த்தே பேசினார். "இந்த மெசேஜ் நெறையப் பேருக்கு வந்திருக்கும்மா. அவங்களாக் கூப்பிடுறதுக்கு முன்னாடி நாமளே திருத்திக் கட்டிட்டா நல்லது. வாங்குனது, வட்டி, அதுக்கு மேல கொஞ்சம். அத முடிச்சிட்டு நெச வியாதிக்கு எழுதுவோம்."

பாலு ஆளுக்கு ஒரு வியாதி போட்டதை அங்கேயே நோட்டில் கிறுக்கி அவளிடம் காட்டினேன். டவுன் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பஸ் பாலத்தைத் தாண்டிய பிறகு, என் மடியில் நோட்டையும் பேனாவையும் வைத்தாள்.

"அந்தாளு ஆளப் பாத்துத்தான வியாதி எழுதுறான். ஒங்க பேருக்கே எழுதியிருக்கலாம்ல. ஏன் எம் பேரு?"

முன்னே உங்களிடம் பாலுவைப் பற்றிச் சொன்னபோது ஒரு வரியை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். பாலு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்களுக்குப் போடவா, அண்ணிக்குப் போடவா?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "அவளுக்கே போட்ரு" என்றேன்.

பஸ் குலுங்கியது. என் எழுத்து எப்போதும் கோணல்தான். எழுதினேன்: என் பேர எழுத பயமா இருந்துச்சு.

அவள் படித்தாள். இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன். நோட்டை மூடி மஞ்சள்பைக்குள் பில்களோடு வைத்தாள்.

"எம் பேர எழுத பயமா இல்ல. அம்புட்டுத்தான?"

வீட்டுக்கு வந்து கைகழுவி, கஞ்சியை வடிகட்டி, ஊசிக்குழாயில் ஏற்றினாள். அன்றும் முக்கால் மணி நேரம். கொஞ்சம்கூட வேகமாக விடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாள் காலையில் கம்மலைக் கழற்றி மேசையில் என் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதப் போட்டு அந்தக் கணக்க முடிங்க. போனஸ்ல எடுத்ததுன்னு ஊரெல்லாம் சொன்னேன்."

காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டாள். கார்த்திகா கேட்டதற்கு, காது புண்ணாகிவிட்டது என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுவும் எனக்குக் கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு கரண்டு வைக்கிற நாட்கள். முப்பது தடவை. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலையை மாட்டி, மேசையோடு சேர்த்து அழுத்திவிடுவார்கள், அசையக் கூடாது. வலியே இருக்காது. ஆனால் மூன்றாம் வாரத்தில் வாய் முழுதும் வெந்துவிடும், எச்சில் வற்றிவிடும். உப்பும் சோடா உப்பும் போட்ட தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒச்சம்மாள் முப்பது நாளும் கூட வந்தாள். தேவையானதைப் பேசினாள். வரிசையில் எனக்கு இடம் பிடித்தாள். என் சார்பாக எல்லாக் கவுன்ட்டரிலும் அவள்தான் பேசினாள். பேர், வயசு, வியாதி. ஒவ்வொரு முறையும் கண்ணாடித் தடுப்புக்குள் குனிந்து, "கேன்சர்" என்று அவள் வாயால் சொல்வதைப் பின்னால் நின்று கேட்டேன்.

பழைய கணக்குத் திருத்தப்பட்டது. கம்மல் போதவில்லை, மீதியைப் பி.எஃப். பணத்தில் எடுத்துக் கட்டினேன். கம்பெனியில் இருளப்பன் அண்ணனிடம் எழுதிக் காட்டினேன். அவரும் இன்னும் மூன்று பேரும் அதே ஆடிட்டரிடம் போனார்கள். "கிட்னி திரும்பி வந்துருச்சு மாப்ள" என்று அவர் சொன்னபோது டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. பாலு இப்போது அந்தப் பக்கம் வருவதில்லை.

குழாய் எடுத்தாயிற்று. கூழ், குழைந்த சாதம் இறங்குகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, தினமும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லச் சொல்லியிருக்கிறார். பாதி நாக்கை வைத்துக்கொண்டு ன, ர, ட எல்லாம் வருவது கஷ்டம். வீட்டில் பழகுவேன், வெளியே பேசமாட்டேன். வெளியே ஒச்சம்மாள் இருக்கிறாள்.

போன மாதம் இந்த வருஷத்துக் கணக்கைப் போட மறுபடி மஹால் பக்கம் போனோம். ஆடிட்டர் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சீட்டு, பல் பிடுங்கியதற்கு டாக்டர் எழுதிய கடிதம், பில்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவள் தட்டிக்கொண்டே வந்து, திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"வைத்தியம் யாருக்கு? அவருக்கா, சார்ந்தவங்களுக்கா?"

நான் ஒச்சம்மாளைப் பார்த்தேன். எப்போதும் போல அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. மஞ்சள்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் வேப்பங்குச்சி. அந்தப் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

வாயைத் திறந்தேன். முதலில் வந்தது காற்றுதான். எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி சொன்னேன். குழறியது. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஒச்சம்மாள் அப்போதும் திரும்பவில்லை.

மூன்றாவது முறை புரிந்தது.

"எனக்கு" என்றேன்.